பெருமாண்டியின் மடியில் சேர்ந்த லட்டு

மஞ்சாடி நாடு எந்தத் திசையில் இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். ரொம்பக் காலத்துக்கு முன்னால் அதை விசயவேள் என்ற ராஜா ஆண்டான். நல்லவன்தான். காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு, அவ்வளவுதான்.

அறுவடைத் திருநாளில் அரண்மனைச் சேவகர்களுக்கு ஆளுக்கு இரண்டு லட்டு கொடுப்பான். லட்டின் மேல் ராஜமுத்திரை இருக்கும். உடைத்தால் ராஜத்துரோகம். மறுநாள் பூசை முடியும்வரை தின்னவும் கூடாது. ஆனால் விளையாடலாம். இரண்டு பேர் எதிர்ப்பட்டால் சோழி உருட்டுவார்கள். தோற்றவர் ஒரு லட்டைத் தர வேண்டும். இல்லாதவர் கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம்.

ஒரு வருஷம், சாயங்காலம் ராஜாவுக்கு எல்லோர் மடியையும் பார்க்க ஆசை வந்தது. பார்த்தால், வெறும் மடிதான் அதிகம். ஒரு லட்டு வைத்திருந்தவர்கள் அதைவிடக் குறைவு. இரண்டு வைத்திருந்தவர்கள் இன்னும் குறைவு. வாயிற்காவலன் பெருமாண்டி மடியில் மட்டும் ஒரு குவியல்.

"திருட்டு!" என்றார் வல்லபராயர். அமைச்சர் பதவி கைநழுவியதிலிருந்து அவருக்கு எல்லாமே திருட்டாகத்தான் தெரிந்தது. "சோழிக்கு ஓரவஞ்சனை கிடையாது மன்னா. நியாயமாக உருட்டியிருந்தால் எல்லோரிடமும் சமமாக நின்றிருக்கும். அதிகம் வைத்திருப்பவர் கையை வெட்டுங்கள். இவனை வேலைக்கு வைத்தவர் நம் அமைச்சர் என்பதையும் மறக்க வேண்டாம்."

"வெட்டு" என்றான் ராஜா, கொட்டாவியோடு. பெருமாண்டியைத் தூணில் கட்டினார்கள்.

அமைச்சர் நன்னனார் எழுந்தார். "வெட்டலாம் மன்னா. முதலில் சபையிலேயே மறுபடி ஆளுக்கு இரண்டு லட்டு கொடுத்து ஒருமுறை ஆடிப் பார்ப்போம். சோழியை வல்லபராயரே உருட்டட்டும்."

"நானும் ஆடுவேன்!" என்றான் ராஜா. "லட்டு யாரிடம் சேரும், சொல்லும்?"

"அது தெரியாது மன்னா. யாரிடமாவது சேரும். வெறுங்கைதான் அதிகம் இருக்கும்."

மறுநாள் காலையில் ஆரம்பித்து உச்சிவேளைவரை, வல்லபராயர் கை கடுக்க உருட்டினார். கடைசியில் சபையில் பெரும்பாலோர் வெறுங்கையோடு முழித்தார்கள். குவியல் சிம்மாசனத்தில் இருந்தது.

வெட்டுகிறவன் கத்தியோடு போய் ராஜா பக்கத்தில் நின்றான்.

"என்னடா?"

"அதிகம் வெச்சிருக்கறவர் கையை வெட்டணும்னு உத்தரவு மகாராஜா. வலதா, இடதா?"

வல்லபராயர் அலறினார். "மன்னா! உருட்டியது நான்! ஒரு தப்பும் நடக்கவில்லை, தானாகச் சேர்ந்தது!"

"அப்படியானால் பெருமாண்டிக்கு?" என்று கேட்டார் நன்னனார்.

"அவனுக்கும்... தானாகத்தான் சேர்ந்திருக்கும்."

நன்னனார் சொன்னார்: "எல்லோரிடமும் சமமாக நிற்க ஒரே ஒரு வழிதான் மன்னா. ஏறுமாறாக நிற்க எண்ண முடியாத வழிகள். சோழிக்கு எந்த வழியும் ஒன்றுதான். அதனால் மேடுபள்ளமாகத்தான் போய் நிற்கும். ஒருவரிடம் குவிய வேண்டுமென்றால் பலர் வெறுங்கையோடு நிற்க வேண்டும்."

பெருமாண்டியின் கட்டை அவிழ்த்தார்கள். அவன் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்து அழுதான். வெறும் மடியோடு போனவர்களுக்கெல்லாம் லட்டு பிடிக்கச் சொல்லி வல்லபராயரைச் சமையற்கட்டுக்கு அனுப்பினான் ராஜா. அவர் சோழியைக் கீழே வைக்கக்கூட மறந்து போனார்.

"நன்னனாரே, இந்தக் குவியல் முழுதும் உமக்கே!"

அமைச்சர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"வேண்டாம் மன்னா. இவ்வளவு லட்டோடு வெளியே போனால் வாசலிலேயே என்னைப் பிடித்துவிடுவார்கள்."