எருமை முதுகுக்குப் பின்னால் மூன்று நரிகள்

ஆலங்காட்டுக்கும் முட்காட்டுக்கும் நடுவே அல்லிக்குளம் என்று ஒரு குளம் இருந்தது. சித்திரை வெயிலில் ஆறு வற்றும், ஓடை வற்றும். அல்லிக்குளம் மட்டும் வற்றாது. அந்தக் குளத்துக்காக ஒவ்வொரு வருடமும் இரண்டு காட்டு அணிகளும் சைக்கிள் பந்தயம் விடும். மாசியில் ஒன்று, பங்குனியில் ஒன்று, சித்திரையில் ஒன்று. மூன்றில் இரண்டு பந்தயங்களில் எந்த அணியின் ஆள் முதலில் வருகிறானோ, கோடை முழுக்கக் குளம் அந்த அணிக்கு. தோற்றவர்கள் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிக்க வேண்டியதுதான்.

ஆலங்காட்டு அணியில் மூன்று பேர். சிலுப்பன் என்ற கீரி. கடைசி நூறு அடியில் அவனை யாராலும் பிடிக்க முடியாது. வேலம்மா என்ற கழுதை; சுரைக்குடுக்கையில் தண்ணீர் சுமந்து வந்து மற்றவர்களுக்குக் கொடுப்பவள், வாய் கொஞ்சம் நீளம். மூன்றாவது ஆள் கரியன் என்ற எருமை. பந்தயம் முழுக்க முன்னால் போய் எதிர்காற்றைத் தாங்குவது அவன் வேலை. மற்ற இருவரும் அவனுடைய அகன்ற முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவார்கள். அங்கே காற்றே படாது, பெடல் தானாகச் சுற்றுவது போல் இருக்கும்.

குளம் கிடைக்காவிட்டால் கீரி எப்படியோ பிழைத்துக்கொள்ளும். கழுதையும் பிழைத்துக்கொள்ளும். எருமை என்ன செய்யும்? போன கோடையில் முட்காட்டு அணியின் மூன்று நரிகள் ஜெயித்துவிட்டன. கரியனின் தோல் பாளம் பாளமாக வெடித்துப் போனது. அவன் யாரிடமும் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வருடம் ஒரு நாள்கூடப் பயிற்சிக்குப் பிந்தி வரவில்லை.

மாசிப் பந்தயம் வந்தது. நடுவர் கொக்கு ஒற்றைக்காலில் நின்று கொடியசைத்தது. நரிகள் மூன்றும் தனித்தனியே பாய்ந்து, தனித்தனியே களைத்தன. கரியன் காற்றைப் பிளந்துகொண்டு போனான். எல்லைக்கோடு கண்ணில் பட்டதும் சிலுப்பன் அவன் பின்னாலிருந்து துள்ளி வெளியே வந்தான், ஜெயித்தான். மாலை அவன் கழுத்தில் விழுந்தது. கரியன் நுரை தள்ளிக்கொண்டு கடைசியாக வந்து சேர்ந்தபோது கூட்டம் கலைந்து போயிருந்தது.

மறுநாள் மூத்த நரி சிலுப்பனைத் தேடி வந்தது.

"ஒரு சந்தேகம் தம்பி, கேட்கலாமா?"

"கேளுங்க."

"இவ்வளவு வேகக்காரன் நீ. பந்தயம் முழுக்க ஒரு எருமையோட வாலைப் பார்த்துக்கிட்டே வர்றியே, உனக்கே வெட்கமா இல்லையா? அந்த மாமிசமலை வழியை அடைச்சுக்கிட்டு நிக்காம இருந்தா, நீ அரை மைல் வித்தியாசத்துல ஜெயிச்சிருப்பியே."

புகழ்ச்சிக்கு மயங்காத கீரி இனிமேல்தான் பிறக்க வேண்டும். சிலுப்பன் அன்றிரவு தூங்கவில்லை. "ஆமா, வாலைத்தானே பார்த்துக்கிட்டு வர்றேன்" என்று புரண்டு புரண்டு படுத்தான்.

பங்குனிப் பந்தயத்தில் கொடி அசைந்ததும் அவன் கரியனைத் தாண்டி முன்னால் பறந்தான். "தம்பி, காத்து பலமா இருக்கு, பின்னால வா" என்று கரியன் கத்தினான். யார் காதில் விழுந்தது? மரங்கள் முடிந்து பொட்டல்வெளி தொடங்கியது. காற்று சிலுப்பன் முகத்தில் அறைந்தது. பாதித் தூரத்தில் அவன் கால்கள் கல்லாகிவிட்டன. நரிகளோ அவன் பின்னால் சத்தமில்லாமல் ஒண்டிக்கொண்டு வந்தன. எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மூன்றும் சிரித்துக்கொண்டே அவனைத் தாண்டிப் போயின.

ஆளுக்கு ஒரு பந்தயம் என்றாகிவிட்டது.

"இன்னைக்குக் காத்து எனக்கு எதிரா இருந்துச்சு" என்றான் சிலுப்பன்.

"காத்து என்னைக்குமே எதிராத்தான் இருந்துச்சு" என்றாள் வேலம்மா. "நீ இன்னைக்குத்தான் அதைப் பார்த்தே. இத்தனை நாள் பார்த்தது யாருன்னு அங்க போய்ப் பாரு."

சிலுப்பன் போய்ப் பார்த்தான். ஆற்றில் எஞ்சியிருந்த சேற்றில் கரியன் படுத்திருந்தான். அந்தச் சேறு அவன் வயிற்றைக்கூட நனைக்கவில்லை. முதுகில் போன வருட வெடிப்புகளின் தழும்பு வரிவரியாகத் தெரிந்தது. இத்தனை நாள் அந்த முதுகுக்குப் பின்னாலேயே வந்தவன், அதை இப்போதுதான் பார்த்தான்.

"அண்ணே, தப்புப் பண்ணிட்டேன்."

"பந்தயம்னா அப்படித்தான் தம்பி. நாளைக்கு விடிஞ்சதும் பயிற்சிக்கு வந்துடு" என்றான் கரியன். அவ்வளவுதான் அவன் திட்டியது.

சித்திரையும் வந்தது. கடைசிப் பந்தயம், அல்லிக்குளத்துக் கரையில்தான் எல்லைக்கோடு. கரியன் முன்னால், அவன் பின்னால் சிலுப்பன், அவன் பின்னால் வேலம்மா. அவளுக்கும் பின்னால், வெட்கமே இல்லாமல் வரிசையாக மூன்று நரிகள்.

"அண்ணே, இதுங்க மூணும் ஓசியில வருதுங்க" என்றாள் வேலம்மா.

"வரட்டும். என் முதுகு என்ன தேயவா போகுது?"

பொட்டல்வெளியின் நடுவில் அந்த விபரீதம் நடந்தது. ஒரு கருவேல முள் சிலுப்பனின் பின்சக்கரத்தில் ஏறியது. புஸ்ஸென்று டயர் இறங்கிவிட்டது. நரிகள் ஊளையிட்டுக் கொண்டாடிவிட்டு முன்னே போய்விட்டன. சிலுப்பனுக்கு அழுகை வந்துவிட்டது.

கரியன் பிரேக் பிடித்து நின்றான். வேலம்மா ஒரு வார்த்தை பேசாமல் இறங்கித் தன் பின்சக்கரத்தைக் கழற்றினாள். வாய் நீளமான வேலம்மா பேசாமல் இருந்தது அந்த வருடத்தில் அந்த ஒரு நிமிஷம்தான்.

"மாட்டிக்க. நான் நடந்து வர்றேன். கழுதைக்கு நடக்கக் கத்துத் தரணுமா?"

சக்கரம் மாறியது. இருவரும் கிளம்பினார்கள். ஆனால் நரிகள் கண்ணுக்கே தெரியாத தூரம் போயிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை.

எருமை இல்லாத பொட்டலில் இப்போது காற்று நரிகளின் முகத்தில் அடித்தது. மூத்த நரி பத்தே மிதி மிதித்துவிட்டு ஒதுங்கியது.

"இப்ப நீ முன்னால போ."

"நான் போனா நான் களைச்சுடுவேன், நீ ஜெயிச்சுடுவே. அவனைப் போகச் சொல்லு."

"ஆகா, நான் என்ன எருமையா?" என்றது மூன்றாவது நரி.

மூன்றுமே கடைசி ஓட்டத்தில் கெட்டிக்கார நரிகள். மூன்றுக்குமே மாலை தன் கழுத்தில்தான் விழ வேண்டும். ஒன்று மெதுவாகப் போனால் மற்ற இரண்டும் அதைவிட மெதுவாகப் போயின. சைக்கிள் நடையை விட மெதுவானது. கடைசியில் மூன்றும் நின்ற இடத்திலேயே பெடலில் காலை வைத்துத் தள்ளாடிக்கொண்டிருந்தன. ஒரு நத்தை அவற்றைத் தாண்டிப் போனது என்று கொக்கு பிறகு சொன்னது. கொக்கு கொஞ்சம் கூட்டிச் சொல்லும் பிராணி.

பின்னால் கரியனுக்கு மூச்சு இரைத்தது. நின்று கிளம்பிய பிறகு அவன் வேகம் குறைந்துகொண்டே வந்தது. திடீரென்று சிலுப்பன் அவனைத் தாண்டி முன்னால் வந்தான்.

"மறுபடியுமா தம்பி?" என்றான் கரியன் கவலையோடு.

"இல்லண்ணே. கொஞ்ச நேரம் நான் காத்தைத் தாங்குறேன். நீங்க பின்னால ஒண்டிக்குங்க."

எருமை கீரியின் முதுகைப் பார்த்தது. அந்த முதுகுக்குப் பின்னால் எருமையின் மூக்குக்கூட மறையாது. கரியனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணும் கலங்கியது. இத்தனை வருடத்தில் அவனுக்காக யாரும் காற்றில் நின்றதில்லை. எங்கிருந்து வந்ததோ தெரியாது, அவன் கால்களில் புதுத் தெம்பு வந்தது. "போதும் தம்பி, தள்ளு" என்று சொல்லி முன்னால் ஏறினான்.

அதன் பிறகு அந்தப் பொட்டலில் பறந்த புழுதியை ஆலங்காட்டு விலங்குகள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மகிழ்கின்றன. குளக்கரைக்கு அருகே தள்ளாடிக்கொண்டிருந்த நரிகள் திரும்பிப் பார்த்தன. இரண்டு கொம்புகள் வந்துகொண்டிருந்தன. மூன்று நரிகளும் ஒரே நேரத்தில் பாய்ந்தன. ஒன்றையொன்று முந்தவிடாமல் தோளால் இடித்தன. இரண்டு நரிகள் கட்டிப் புரண்டு பள்ளத்தில் விழுந்தன. மிச்சமிருந்த மூத்த நரி எல்லைக்கோட்டை எட்டப் போகும் நேரத்தில், எருமையின் வாலுக்குப் பின்னாலிருந்து சிலுப்பன் துள்ளினான். ஒரு மூக்கு வித்தியாசம்!

கொக்கு கொடியை வீசியது. ஆலங்காடே ஆர்ப்பரித்தது. மாலையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். சிலுப்பன் அதை வாங்கி எருமையின் கொம்பில் மாட்டப் பார்த்தான், எட்டவில்லை. கரியன் தலையைக் குனிந்து கொடுத்தான்.

"போங்கண்ணே, குளத்துல இறங்குங்க" என்றான் சிலுப்பன்.

தண்ணீர் இரண்டடியில் இருந்தது. கரியனின் உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் அவன் இறங்கவில்லை. கரையிலேயே நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் கழித்து, ஒற்றைச் சக்கரச் சைக்கிளை முதுகில் போட்டுக்கொண்டு வேலம்மா நடந்து வந்தாள்.

"ஏன் இன்னும் வெயில்ல காயறீங்க? தோத்துட்டீங்களா?"

"ஜெயிச்சாச்சு. நீ வரணும்ல" என்றான் கரியன்.

மூன்று பேரும் சேர்ந்துதான் இறங்கினார்கள். கரியன் அமிழ்ந்ததும் குளத்துத் தண்ணீர் பொங்கி அல்லிப்பூக்கள் கரையேறின. சிலுப்பன் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்து, வெடித்த தழும்புகளில் தண்ணீரை அள்ளி அள்ளி விட்டான். கரியன் கண்ணை மூடிக்கொண்டான். அவனுக்கு அந்த வருடம் முழுவதற்கும் அது போதும்.

எதிர்க்கரையில் நரிகள் ஊற்றுத் தோண்டப் போய்க்கொண்டிருந்தன. யார் முதலில் தோண்டுவது என்று அங்கேயும் சண்டை.

முன்னால் நின்று காற்றைத் தாங்க ஒருவரும் மனம் வைக்காத கூட்டத்தில், எத்தனை கெட்டிக்காரர்கள் இருந்தாலும் வெற்றி வந்து சேராது.