பிரம்பு பூசிய விபூதி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் மீசை உதிர்ந்து போகட்டும். மீசையைக் காணோமே என்று கேட்காதீர்கள். அது போன கதையில் போயிற்று. இந்தக் கதை சுத்த நிஜம்.

மாங்கோட்டை என்றொரு ராச்சியம். அங்கே மூட்டத்தெரு என்றொரு தெரு. மலைக்கு அப்பாலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் பிழைக்க வந்த கறுத்த சனங்கள், விறகை அடுக்கி மண் மூடி எரிக்கும் கரிமூட்டம் போட்டுச் சீவித்தார்கள். ஊர்க்காவல் கொத்தவால் ரணசூரர் கையில். திருடனைப் பிடிக்க அவருக்கு மூளை தேவைப்பட்டதே இல்லை, கண் போதும். ஊசி தொலைந்தாலும் காவலர்கள் மூட்டத்தெருவுக்குப் போய்க் கையில் அகப்பட்ட கறுப்பு முதுகைப் பிடித்து வருவார்கள். ஒருமுறை சிவப்புத் தோல்காரர்கள் குடியிருக்கும் மாடவீதியில் ஒரு பூனை காணாமல் போயிற்று. அதைத் தின்றதாக மூட்டத்தெருவில் நாலு பேர் ஒப்புக்கொண்டார்கள். பூனை மறுநாளே வீடு திரும்பியது. நாலு பேரும் வீடு திரும்ப நாலு மாதமாயிற்று.

அந்த வருஷம் தேருக்குப் பத்து நாள் இருக்கும்போது ராணியின் வெள்ளிப் பன்னீர்ச்செம்பு தொலைந்தது. பொழுது சாய்வதற்குள் மூட்டத்தெருச் சடையன், நான்தான் எடுத்தேன் என்று சொல்லிவிட்டான். எங்கே வைத்தாய் என்றால் மட்டும் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. தேரன்று அவனை ராச்சியத்தை விட்டே துரத்துவதென்று தீர்ப்பாயிற்று.

அவன் பெண்சாதி இருளாயி நேரே தொந்தியப்பரிடம் போனாள். அவர் அரண்மனை விகடர். பேர்தான் தொந்தியப்பர், ஆள் ஊதுவத்தி.

"அன்னிக்குப் பூரா எங்கூடத்தான் சாமி, மூட்டத்துக்கு மண்ணு போட்டுக்கிட்டு இருந்தாரு," என்றாள். "அடி தாங்காம ஒத்துக்கிட்டாரு. முதுகைப் பாருங்கன்னா, கறுத்த முதுகுல என்னத்தைப் பாக்குறதுன்னு சிரிக்கிறாங்க."

தொந்தியப்பர் இதைச் சபையில் சொன்னதும் கொத்தவால் காதைப் பொத்திக்கொண்டார். காவலர் பிரம்பு ஒரு மரியாதைக்கு ஏந்துவது, இன்றுவரை ஓர் ஈயின்மேல்கூடப் பட்டதில்லை என்று குலதெய்வத்தின்மேல் ஆணையிட்டார். இரண்டு பக்கமும் தலையாட்டி ராசா முத்துவிசயருக்குக் கழுத்து வலித்தது.

"தொந்தியப்பரே, அடித்தேன் என்று அடித்தவனே என் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தேர் நாளுக்குள் சொல்ல வைத்தால் சடையனுக்கு விடுதலை. இல்லாவிட்டால் அவனோடு நீரும் மலைக்கு அப்பால் போய்ச் சேரும்."

"ஆகட்டும் மகாராசா. வண்டிகூட வேண்டாம். சடையன் என்னை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவான்."

தேருக்காகக் கோயில் மதிலில் காவியும் சுண்ணாம்பும் பட்டை பட்டையாக அடித்துக்கொண்டிருந்தார்கள். தொந்தியப்பர் கொத்தவாலிடம் போய், மதிலே இவ்வளவு எடுப்பாக நிற்கும்போது உங்கள் பிரம்புகள் இப்படி மொட்டையாக இருக்கலாமா என்று ஏற்றிவிட்டார். கொத்தவாலுக்கு உச்சி குளிர்ந்தது. அன்றே எல்லாப் பிரம்புக்கும் ஒரு பட்டை காவி, ஒரு பட்டை சுண்ணாம்பு. தினம் காலையில் புதுப்பூச்சு. கலவை கலக்கியது இருளாயி. பசை மட்டும் சேர்க்க மறந்துவிட்டாள். மறந்தாளோ, மறக்கச் சொன்னார்களோ.

தேரன்று ராசா வந்தார். வடம் பிடிக்க முன்னால் நின்றவர்கள் மூட்டத்தெரு ஆண்கள், மேல்துண்டு இடுப்பில். ஒவ்வொரு முதுகிலும் வெள்ளைக் கோடு. சில முதுகில் ஆறு, ஏழு.

"என்ன இது?" என்றார் ராசா.

"விபூதி, மகாராசா," என்றார் கொத்தவால் சட்டென்று. "திருநாள் அல்லவா. பக்தி முற்றிவிட்டது."

தொந்தியப்பர் மறுத்துப் பேசுவார் என்று ஊரே பார்த்தது. அவரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கொத்தவால் சொன்னால் சரிதான். ஆனால் தன் முதுகுக்குத் தானே பூச யாருக்குக் கை எட்டும்? பூசிவிட்ட புண்ணியவான்கள் யாரோ. அவர்களுக்குத் தேரடியில் பரிவட்டம் கட்டினால் மகாராசாவுக்கும் புண்ணியம்."

ராசா தலையசைத்தார். காவலர்கள் கொத்தவால் முகத்தைப் பார்த்தார்கள். விபூதி என்று சொன்ன வாயால் இனி வேறென்ன சொல்வது? தட்டில் பட்டுப் பரிவட்டம் வந்ததும் உக்கிரபாண்டி என்ற காவலனுக்குப் பொறுக்கவில்லை.

"ஒன்பது பேருக்கு நான் பூசினேன்," என்று முன்னால் வந்தான்.

"அதுல மூணு என்னது," என்றான் பக்கத்திலிருந்தவன். "அந்தக் கோணல் கோடு என் பிரம்பு."

வரிசை தேர்ச்சக்கரம்வரை நீண்டுவிட்டது. உக்கிரபாண்டிக்கு ரோசம் வந்தது. "நேத்து வந்தவனெல்லாம் பேசுறான். சுண்ணாம்பு இல்லாத காலத்துலயே சடையனுக்குப் பூசினவன் நான். நாலாவது பூச்சுலதான் ஒத்துக்கிட்டான்."

ராசா கொத்தவால் பக்கம் திரும்பினார்.

சிவப்புத் தோல்காரர்களையும் தட்டுவதுண்டு, சுண்ணாம்பு அவர்கள்மேல் தெரியாது என்று கொத்தவால் முனகிப் பார்த்தார்.

"அதற்குத்தானே காவி," என்றார் தொந்தியப்பர்.

ராசா மாடவீதி முதுகுகளை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு பொட்டுக் காவி இல்லை.

சடையனுக்கு அங்கேயே விடுதலை. செம்பு பிறகு அரண்மனை அடுக்களைப் பரணிலேயே கிடைத்தது. கறுத்துப் போயிருந்ததால், அது வெள்ளி என்று யாருக்கும் தோன்றவில்லையாம்.

அன்றே உத்தரவு பிறந்தது. தினம் காலையில் இருளாயி பிரம்புகளுக்குப் பட்டை அடிப்பாள். மாலையில் காவலர்கள் அவளிடமே காட்ட வேண்டும். பூச்சு உதிர்ந்திருந்தால் எந்த முதுகில் உதிர்ந்தது, எதற்காக என்று சபையில் சொல்ல வேண்டும். பரிவட்டம் கேட்டவர்களுக்குப் பரிவட்டம் உண்டு. அதைக் கட்டிக்கொண்டே, கொத்தவால் உட்பட, ஏழு நாள் மூட்டத்துக்கு மண் போட வேண்டும்.

எட்டாம் நாள் கொத்தவால் தலை முதல் கால்வரை கரியோடு கோட்டைக்குத் திரும்பினார். வாசல் காவலனுக்குப் பழைய பழக்கம் இன்னும் விடவில்லை.

"நில்லு. மூட்டத்தெருவா?"

"டேய், நான் கொத்தவால்டா."

"போன மாசம் ஒருத்தன் ராசா மச்சான்னு சொன்னான்."

கொஞ்ச நேரம் கழித்துக் கொத்தவால் சபைக்குள் வந்து குனிந்து கும்பிட்டார். முதுகு தெரிந்தது.

"என்னய்யா அது?" என்றார் ராசா.

கொத்தவால் வாய் திறக்குமுன் தொந்தியப்பர் கை கூப்பினார். "விபூதி, மகாராசா."

ராசா சிரித்த சிரிப்பில், நிலைக்கு வந்து நின்ற தேர் இன்னும் ஒரு முழம் நகர்ந்தது. தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தொந்தியப்பருக்குப் போட்டார். கனம் தாங்காமல் அவர் உட்கார்ந்துவிட்டார். வாசல் காவலன் அன்று மாலை பிரம்போடு இருளாயி முன்னால் நின்றதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

இதை யார் சொன்னது என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். எங்கள் தெருமுனையில் ஒரு போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. என் முதுகும் கறுப்புத்தான்.