சாப்பிடுவான்

“சரிங்க சார். திருத்தி எழுதுறேன். என் மகன் முட்டை தோசை சாப்பிட்டான். மூணு சாப்பிட்டான். எனக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சான். இனிமே தப்பில்லாம எழுதுறேன்.”

விஜயகுமாரி அம்மாவின் மெயில் அவ்வளவுதான்.

தணிகாசலம் அதைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜெசிந்தாவின் அறைக்கு ஓடினார்.

“மேடம், ஏத்துக்கிட்டாங்க.”

“எதை?”

“பையன் செத்துட்டான்ங்கறதை.”

ஜெசிந்தா அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். மூடிவிட்டார்.

திருச்சியில் ஒரு மாடியில், மெயிலில் மட்டும் ஆலோசனை சொல்லும் சின்ன இடம் அது. நேரில் வர முடியாதவர்கள் எழுதுவார்கள். போனில் அழுதால் வீட்டில் கேட்டுவிடும் என்று பயப்படுகிறவர்கள் எழுதுவார்கள். ஜெசிந்தா பல வருஷமாகப் பதில் எழுதுகிறவர். தணிகாசலம் அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர். தணிகாசலத்துக்கு ஜெசிந்தாவின் அப்பா வயசு. இருந்தாலும் மேடம் என்றுதான் கூப்பிடுவார். இங்கே வருவதற்கு முன்னால் ஒரு பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். பத்திரிகையை மூடிவிட்டார்கள்.

விஜயகுமாரி அம்மாவின் மகன் நவநீதன் பைபாஸ் ரோட்டில் பைக்கோடு போய்விட்டான். அதற்குப் பிறகு அவர் வீட்டில் அவன் பெயரை யாரும் சொல்லக்கூடாது. வீட்டுக்காரர் சட்டம் போட்டிருந்தார். பெயரைக் கேட்டாலே அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். சொந்தக்காரர்களும் பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்த அம்மா மகனுடைய போனிலிருந்தே எழுதுவார். அதனால் மெயில் ‘நவநீதன்’ என்ற பெயரில்தான் வந்து விழும்.

“வேற யாருகிட்டயும் அவனைப் பத்திப் பேச முடியல சார். இங்க மட்டும்தான்” என்று முதல் மெயிலிலேயே எழுதியிருந்தார்.

“நீங்க என்ன எழுதினீங்க?” என்று ஜெசிந்தா கேட்டார்.

“நீங்க ஊருக்குப் போயிருந்தீங்க. அதான் நானே அனுப்பிட்டேன்.”

“அது சரி. என்ன எழுதினீங்க?”

தணிகாசலம் திறந்து காட்டினார்.

அந்த அம்மா முன்பு இப்படி எழுதியிருந்தார்: “நவநீதன் முட்டை தோசைன்னா மூணு சாப்பிடுவான் சார். எனக்குன்னு ஒண்ணு எடுத்து வைப்பான்.”

தணிகாசலத்தின் பதில் நல்ல தமிழில் இருந்தது. ஆறுதல் இருந்தது, அக்கறை இருந்தது. கடைசியில் இந்த வரி இருந்தது: “இறந்தவர்களைப் பற்றி இறந்தகாலத்தில் எழுதிப் பழகுங்கள் அம்மா. ஏற்றுக்கொள்வது அங்கேதான் தொடங்குகிறது.”

ஜெசிந்தா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுதுறப்போ உங்களுக்கே நல்லா இருந்துச்சு இல்ல?”

“ஆமா மேடம்” என்றார் தணிகாசலம். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

“பத்திரிகையை மூடிட்டாங்க. நீங்க இன்னும் கடையை மூடல.”

“அவங்க எழுதினது எதிர்காலம் மேடம். சாப்பிடுவான், வைப்பான். திரும்பி வருவான்னு நினைச்சுக்கிட்டே இருந்தா எப்படி வெளிய வருவாங்க? நான் படிச்ச புத்தகத்துலயும் அப்படித்தான் இருக்கு.”

ஜெசிந்தா டப்பாவைத் திறந்தார். மூடியில் கொஞ்சம் சாதம் வைத்து, சாம்பார் ஊற்றி, அவர் பக்கம் தள்ளினார்.

“சாப்பிடுங்க.”

“நான் சாப்பிட்டுட்டேன்.”

“ஒரு வாய்.”

சாப்பிட்டார்.

“எப்படி இருக்கு?”

“பரவாயில்ல.”

“பரவாயில்லன்னா? நான் வச்ச சாம்பார் சார் அது.”

“புளி கொஞ்சம் தூக்கல் மேடம். சொல்லக்கூடாது, ஆனா தூக்கல்.”

“உங்க வீட்ல எப்படி வைப்பாங்க?”

“அவளா? புளி கம்மியாத்தான் ஊத்துவா. பெருங்காயம் கேக்கவே வேண்டாம், தெருமுனையில வர்றப்பவே தெரியும். சின்ன வெங்காயத்தை முழுசா போடுவா. நறுக்கினா ருசி ஓடிடும்னு சண்டைக்கு வருவா.”

சொல்லும்போது சிரித்தார்.

“வீட்டம்மா எப்போ தவறினாங்க?”

சிரிப்பு நின்றது.

“போன ஆடி” என்றார்.

“அப்போ திருத்திச் சொல்லுங்க சார்.”

“என்ன மேடம்?”

“ஊத்துவா, போடுவா, சண்டைக்கு வருவான்னு சொன்னீங்க. திருத்திச் சொல்லுங்க.”

தணிகாசலம் வாயைத் திறந்தார். “புளி...” என்றார். “புளி கம்மியா...”

அதற்கு மேல் வரவில்லை. மூடியில் மிச்சமிருந்த சாதத்தை விரலால் ஓரத்துக்குத் தள்ளினார். திரும்ப நடுவுக்குத் தள்ளினார். கீழே ஜெராக்ஸ் கடையில் யாரோ பேப்பர் சிக்கிக்கொண்டது என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஜெசிந்தா அவரை அவசரப்படுத்தவில்லை. சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்தார்.

“அவங்க வருவாங்கன்னு நினைச்சுக்கிட்டா சொன்னீங்க?”

“இல்ல மேடம்.”

“ம்.”

“நான் இப்போ என்ன செய்யணும்?”

“பதில் எழுதணும்.”

“என்னன்னு?”

“நவநீதன் தோசைக்கு என்ன தொட்டுக்குவான்னு கேளுங்க.”

தணிகாசலம் காத்திருந்தார். இன்னும் ஏதாவது வரும் என்று நினைத்தார்.

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் இல்ல. அனுப்பிட்டுச் சும்மா இருங்க.”

“மன்னிப்பு கேக்க வேண்டாமா?”

“அதை விட்டுடுங்க. அது உங்களுக்காகக் கேக்குற மன்னிப்பு.”

ஜெசிந்தாவுக்கு அன்று ஒரு கல்லூரியில் வகுப்பு இருந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். படியில் இறங்கும்போது திரும்பி, “ஒரே வரி சார்” என்றார்.

தணிகாசலம் உட்கார்ந்தார். அந்த ஒரு வரியைத் தட்டினார். நவநீதன் தோசைக்கு என்ன தொட்டுக்குவான்?

பார்த்தார். பெரிய வெள்ளைத் திரையில் அது கேவலமாக இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் சட்னியைப் பற்றியா கேட்பது? கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்தால்? அதுகூடப் பரவாயில்லை. அந்த அம்மா பதில் எழுதினால்? பக்கம் பக்கமாக எழுதினால்? அவ்வளவையும் படிக்க வேண்டியிருக்குமே. படிக்கும்போது யாருக்கு யார் ஞாபகம் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அழித்தார்.

மேலே ‘மன்னிக்கவும்’ என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. தமிழில் ‘சாப்பிடுவான்’ என்பது எதிர்காலம் மட்டும் இல்லை, வழக்கமாக நடந்ததையும் அப்படிச் சொல்வது உண்டு, ஆகவே நீங்கள் எழுதியதில் பிழையே இல்லை, பிழை என்னுடையது என்று விளக்கினார். அதற்கு உதாரணம் கொடுத்தார். துக்கத்தில் இருப்பவர்கள் எந்தக் காலத்திலும் எழுதலாம் என்று அனுமதி கொடுத்தார். தூங்குங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், கொஞ்சம் நடங்கள் என்றார். ஒற்று மிகுமா மிகாதா என்று ஓர் இடத்தில் சந்தேகம் வந்தது. பார்த்துச் சரி செய்தார். அனுப்பினார்.

சாயங்காலமே பதில் வந்துவிட்டது.

“நன்றி சார். ரொம்ப விளக்கமா சொல்லியிருக்கீங்க. நன்றி.”

மறுநாள் ஜெசிந்தாவிடம் காட்டினார். கொஞ்சம் பெருமையாகத்தான் காட்டினார்.

ஜெசிந்தா அந்த அம்மாவின் பதிலை மட்டும் பார்த்தார்.

“ரெண்டு நன்றி.”

“ஆமா மேடம்.”

“வேண்டியவங்களுக்கு யாரு சார் நன்றி சொல்றா?”

அதற்குப் பிறகு நவநீதன் என்ற பெயரில் மெயில் வரவில்லை. தணிகாசலம் காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் தேடுவார். மற்றவர்கள் எழுதினார்கள். கணவன் அடிக்கிறான் என்று ஒருத்தி. பரீட்சையில் போய்விட்டது என்று ஒருவன். நவநீதன் மட்டும் இல்லை.

கொஞ்ச நாள் பொறுத்துவிட்டு ஜெசிந்தாவே அந்த அம்மாவுக்கு எழுதினார். மெயில் திரும்பி வந்துவிட்டது. அப்படி ஒரு முகவரி இப்போது இல்லை என்றது. போனை யாராவது விற்றிருப்பார்கள். இல்லை, வீட்டுக்காரர் கணக்கையே அழித்திருப்பார். இல்லை, அந்த அம்மாவே அழித்திருப்பார். எது என்று தெரிந்துகொள்ள வழி இல்லை. அந்த அம்மா எந்த ஊர் என்றுகூட இவர்களுக்குத் தெரியாது.

தணிகாசலம் திரும்பி வந்த மெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இனிமே அவங்க யாருகிட்ட பேசுவாங்க மேடம்?”

ஜெசிந்தா அந்த மெயிலை மூடினார்.

“நான் கடைசியா எழுதினதுல என்ன தப்பு? அதையாவது சொல்லுங்க.”

ஜெசிந்தா அதைத் தேடி எடுத்தார். முதல் முறையாக முழுசாகப் படித்தார். நிதானமாகப் படித்தார்.

“தப்பே இல்ல சார். ஒரு எழுத்துப்பிழைகூட இல்ல.”

“அப்புறம் ஏன் மேடம்?”

“அந்தப் பையன் தோசைக்கு என்ன தொட்டுக்குவான்?”

தணிகாசலத்துக்குத் தெரியவில்லை. அவர் கேட்கவில்லை.