கடைசி அத்தியாயத்துக்கு எத்தனை மார்க்

குழந்தைகள் ஆஸ்பத்திரி அலமாரியில் கிடந்த அந்தக் காலத்துத் துப்பறியும் நாவல்களுக்கு மார்க் போட விமர்சகர் திருவேங்கடம் வந்திருந்தார். ஐம்பதுக்குக் கீழே வாங்கினால் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். அரை மணி நேரத்தில் நாற்பது புத்தகங்களை முடித்துவிட்டார்.

கழித்துப் போட்டதில் ஒன்றை வார்டு ஆயா பொன்னுத்தாய் எடுத்துக்கொண்டாள்.

"இது நல்ல கதைங்கய்யா."

"எதனால நல்ல கதை? காரணம் சொல்லிட்டா எல்லாத்தையுமே நீ வச்சுக்கலாம்."

"நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவ. நீங்க ஏன் முப்பது போட்டீங்க?"

"முடிவு சப்புன்னு இருக்கு. திருடன் யாருன்னு பச்சைப்பிள்ளைக்கும் தெரிஞ்சுடும்."

அவள் புத்தகத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். கடைசி அத்தியாயமே இல்லை. அவர் கிழிந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"யாரு கிழிச்சது?" என்றார் மெதுவாக.

"நான்தான். எட்டாம் நம்பர் கட்டில் பிள்ளை தினமும் எனக்குப் படிச்சுக் காட்டும். திருடன் யாருன்னு நாளைக்குச் சொல்றேன் ஆயான்னுச்சு. அந்த நாளை அதுக்கு வரலை. எடுத்துட்டுப் போகும்போது, வழியில படிச்சுக்கட்டும்னு சட்டைப் பையில வச்சுவிட்டேன்."

திருவேங்கடம் மார்க் தாளைக் கிழித்துப் போட்டார். பொன்னுத்தாய் புத்தகங்களைத் திரும்ப அடுக்கினாள்.

"திருடன் யாருன்னு எனக்குத்தான் இன்னும் தெரியலை" என்றாள்.