கண்டக்டரும் கரண்டிமூக்கு உள்ளானும்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மூக்கு நுனி தட்டையாகிக் கரண்டியாகப் போகட்டும். வேதாரண்யத்துக் கடல் சாட்சி. அதில் விளையும் உப்பு சாட்சி. வேண்டுமானால் தொட்டுப் பாருங்கள், மூக்கு இன்னும் உருண்டையாகத்தான் இருக்கிறது.

"டீச்சர், அந்த உள்ளான் இருக்கானா, இல்லையா?"

கேட்டவர் அரங்கநாயகம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கேட்கப்பட்டவள் சலேத்மேரி. வயதில் அவருக்கு மகளாகலாம். எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவளல்ல. மார்கழி பிறந்தால் சதுப்புக்கு வருகிற எங்களுக்கெல்லாம் பறவை பார்க்கச் சொல்லிக்கொடுப்பாள். அதனால் டீச்சர்.

"உள்ளான்," என்றாள் டீச்சர்.

"எங்கே?"

"உள்ளான்னா உள்ளான்தான், அண்ணே."

அவர் தேடியது கரண்டிமூக்கு உள்ளான். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். பனிக்காட்டில் பொரிந்து, குளிருக்குப் பயந்து நம் சேற்றுக்கு வருகிற பறவை. மூக்கு நுனியில் பாயசம் அள்ளுகிற மாதிரி ஒரு குட்டிக் கரண்டி. உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம் என்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் அதைப் பார்க்காதவர் அவர் ஒருவர்தான்.

காரணம், அவர் வாய்.

வாழ்நாளெல்லாம் பஸ்ஸை நிறுத்திய வாய் அது. யாராவது "அதோ" என்று விரலை நீட்டினால் போதும். பறவை போய்விடுமோ என்ற பதற்றத்தில் கத்திவிடுவார்.

"ஹோல்டான்."

பஸ்ஸாக இருந்தால் நிற்கும். இது பறவை. சதுப்பிலிருந்த மொத்தக் கூட்டமும் எழும்பி யாழ்ப்பாணத்தில் போய்த்தான் இறங்கும்.

எங்களைத் தன் வேனில் அழைத்துவருகிற கோவர்த்தனன், தண்ணிக் குழாய் நீளத்துக்கு லென்ஸ் வைத்திருப்பவர், அவரை விடமாட்டார். "கண்டக்டரே, அது டிக்கெட் வாங்காம ஏறிடுச்சாமே," என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அரங்கநாயகமும் சேர்ந்து சிரிப்பார்.

இந்த மார்கழியில் அவர் சிரிக்கவில்லை.

தஞ்சாவூர்க் கண் டாக்டர், பார்வை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வருகிறது, அடுத்த மார்கழிக்கு இந்தக் கண்ணை நம்பாதீர்கள் என்று சொல்லிவிட்டாராம். இதை அவர் டீச்சரிடம் மட்டும் சொன்னார். பக்கத்தில் நான் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. கண் அப்படி.

டீச்சர் ஆறுதல் சொல்லவில்லை. அவர் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"அதையும் எடுத்துட்டா நான் எதை வச்சுப் பாக்குறது?"

அவள் குனிந்தாள். இரண்டு கை நிறையச் சேற்றை அள்ளி, வெயிலில் மின்னிய அவர் வழுக்கைத் தலையில் அப்பினாள். அப்புறம் சட்டையில். அப்புறம் முகத்தில்.

சதுப்பின் நடுவே ஒரு மண்மேடு. காலை நீட்டி உட்கார ஓர் ஆளுக்கு இடம். அதைக் காட்டினாள்.

"போய் உக்காருங்க."

"எதுவரைக்கும்?"

"ஓதம் ஏறுற வரைக்கும்."

கூட்டம் கோவர்த்தனனுக்குப் பின்னால் பறவை தேடிக் கிழக்கே போயிற்று. நான் கரையில் டீச்சரோடு இருந்துகொண்டேன். புளிசாதப் பொட்டலங்கள் அங்கேதான் இருந்தன.

பகல் ஏறியது. ஒன்றும் வரவில்லை. அவர் கால்விரல்களுக்கு நடுவே ஒரு நண்டு வளை தோண்டிக் குடியேறியது. பக்கத்து வளை நண்டுக்கும் அதற்கும் எல்லைத் தகராறு கூட வந்தது. அவர் தலையிடவில்லை.

பிறகு ஓதம் ஏறியது.

கடல் சத்தமில்லாமல் சேற்றுக்குள் வந்தது. பறவைகள் மேய்ந்துகொண்டிருந்த இடமெல்லாம் ஒவ்வொன்றாக முழுகியது. கால் நனையாமல் நிற்க அந்தச் சதுப்பில் ஓர் இடம்தான் மிஞ்சியது.

முதலில் ஒரு கொசு உள்ளான் வந்து அவர் கால் கட்டைவிரலில் நின்றது. பின்னாலேயே அதன் உறவு சனம். அப்புறம் உப்புக்கொத்திகள். மடியில் இடமில்லாமல் தோளுக்கு ஏறின. தோளில் நெருக்கடி வந்ததும் தலைக்கு ஏறின. தலையில் ஒரு கோட்டான், ஆந்தையல்ல, மூக்கு வளைந்த சதுப்புக் கோட்டான், ஒற்றைக்காலில் நின்று தூங்கவே ஆரம்பித்துவிட்டது. தீபாவளிக்கு முந்தின நாள் கும்பகோணம் பஸ்ஸில்கூட அத்தனை கூட்டத்தை நான் கண்டதில்லை.

கடைசியாக ஒன்று வந்தது. நிற்க இடம் தேடி மேட்டை ஒரு சுற்றுச் சுற்றியது. அவர் முழங்காலில் ஒரு விரல் அகலம் காலியாக இருந்தது. அதில் இறங்கியது.

தலையை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் ஆட்டியது.

கரண்டி.

கரையில் எனக்குப் புளிசாதம் தொண்டையில் நின்றது. டீச்சரைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எனக்கு விஷயம் புரிந்தது. அவர் வாய் திறக்கப்போகிறது.

அந்தச் சொல் வயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சைத் தாண்டி, நாக்கு நுனிவரைக்கும் வந்து நின்றதென்று பின்னால் அவரே சொன்னார். நின்றுகொண்டே இருந்ததாம். முழங்காலிலிருந்ததும் நின்றுகொண்டே இருந்ததாம். இரண்டில் எது முதலில் போகுமென்று பார்த்துக்கொண்டே இருந்தாராம். பார்த்துக்கொண்டிருந்ததில் சொல் போய்விட்டது.

பறவை போகவில்லை.

ஓரம் கருகிய கண்ணுக்கு நடுவில் எவ்வளவு வெளிச்சம் மிஞ்சியிருந்ததோ, அவ்வளவிலும் அந்தப் பறவை. ஒவ்வொரு இறகின் விளிம்பும். கரண்டியில் ஒட்டியிருந்த சேறும். அவர் முகத்திலிருந்த சேறு இரண்டு கோடாகக் கரைந்தது.

அதற்குள் கிழக்கே போனவர்கள் கரைக்குத் திரும்பிவிட்டார்கள். ஒரு பறவையும் அகப்படவில்லையாம். எல்லாம் எங்கே என்று அவர்கள் டீச்சரைக் கேட்க, அவள் மேட்டைக் காட்டினாள்.

கோவர்த்தனன் கிட்டத்தில் எடுக்கக் கரையோடு ஓடி, மேட்டுக்குப் பின்பக்கமாக லென்ஸை நீட்டினார். பறவைக்கும் லென்ஸுக்கும் நடுவே அரங்கநாயகத்தின் முதுகு. இந்தப் பக்கம் நகர்ந்தார், முதுகு. அந்தப் பக்கம் நகர்ந்தார், முதுகு. கடைசியில் கரையில் மண்டியிட்டுக் கெஞ்ச ஆரம்பித்தார்.

"அண்ணே, அரங்கநாயகம் அண்ணே. ஒரே ஒரு படம். நான் சுத்தி வர்ற வரைக்கும் அதைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க."

அன்றுவரை அவரை அண்ணே என்று கூப்பிட்டதில்லை.

ஓதம் வடியத் தொடங்கியிருந்தது. தூரத்தில் முதல் சேற்றுத்திட்டு கறுப்பாகத் தலை காட்டியது. முழங்காலிலிருந்தது அதைத் திரும்பிப் பார்த்தது. பிறகு அரங்கநாயகத்தை நிமிர்ந்து பார்த்தது.

அவரும் பார்த்தார். ஆசை தீரப் பார்த்தார்.

அப்புறம் வாயைத் திறந்தார். பஸ்ஸில் வயதானவர்கள் ஏறி உட்காரும்வரை காத்திருந்து சொல்கிற குரலில், மெதுவாக, ஒரே சொல்.

"ரைட்."

அவர் தலை, தோள், மடி, காலில் இருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. வானம் வெள்ளையாகத் திரும்பி, சாம்பலாகத் திரும்பி, மறுபடி வெள்ளையானது. அதன் கீழே உடம்பெல்லாம் சேறாக ஒரு மனிதர் எழுந்து நின்று, இரண்டு கையையும் விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் கோவர்த்தனனிடம் போய், பைனாகுலரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். லென்ஸை வாங்கிக் கீழே வைத்தாள். குனிந்து, இரண்டு கை நிறையச் சேற்றை அள்ளினாள்.

இதை ஊரெல்லாம் சொல்லுங்கள், தடையில்லை. சொன்னது யாரென்று மட்டும் கோவர்த்தனனிடம் மூச்சு விடாதீர்கள். வருகிற மார்கழிக்கும் நான் அவர் வேனில்தான் போயாக வேண்டும்.