தேனீக்களுக்குச் சொன்ன செய்திகள்

ஒரு புதிர். வீட்டில் சாவு விழுந்தால் இவர்கள் வாசலைத் தட்டிச் சொல்ல வேண்டும். சொன்னால் பதில் வராது. சொல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்துவிடுவார்கள். யார் இவர்கள்?

தேனீக்கள்.

சிலேசியாவில், கிழக்கு நாடும் மேற்கு நாடும் மாறி மாறி உரிமை கொண்டாடிய ஓர் ஆற்றங்கரை ஊரில், அப்படித்தான் வழக்கம். தேன்கூட்டுக்கு உரியவர் இறந்தால், வீட்டுச் சாவியால் கூட்டைத் தட்டி, செய்தியையும் புதிய உரியவரின் பெயரையும் சொல்வார்கள்.

அந்த ஊரின் அநாதை விடுதிக்குத் தலைவி மதர் அகதா. அவரிடம் கன்னியாஸ்திரீ பயிற்சிக்கு வந்திருந்த லுட்மிலா ஒருநாள் காலை ஓடி வந்தாள்.

"மதர், தேனீக்களிடம் இனி யார் பெயரைச் சொல்வது? எனக்குக் குழம்பிவிட்டது."

"இதுவரை என்ன சொன்னாய்?"

"சக்கரவர்த்தி நாட்டை விட்டுப் போய்விட்டார் என்றேன். பிறகு, கிழக்குக்காரர்கள் ஆள்கிறார்கள் என்றேன். பிறகு மேற்குக்காரர்கள். பிறகு மறுபடியும் கிழக்குக்காரர்கள். எல்லா வீட்டுக்கும் பெரியவர் அரசர்தானே?"

"தேனீக்கள் என்ன செய்தன?"

"மேற்குக்காரர்கள் வந்தபோது என் மூக்கில் கொட்டின."

"அரசியல் தெரிந்த தேனீக்கள்."

லுட்மிலா சிரிக்கவில்லை.

"இப்போது ஆறுதான் எல்லையாம். நாளை அதிகாரி வருகிறார். நம் விடுதிச் சிறுமி அன்கா எந்த நாட்டுப் பிள்ளை என்று கேட்பார். கிழக்கில் அவள் பெரியப்பா. மேற்கில் சித்தி. ஒரு கரைக்குப் போனால் மறுகரைக்கு வர முடியாது. யாரிடம் போகிறாய் என்று கேட்டால், 'அம்மாவைக் கேளுங்கள்' என்கிறாள். நான் அவளுக்கு என்னதான் சொல்லிக்கொடுப்பது?"

"நம் தோட்டத்துத் தேன்கூடுகள் யாருடையவை?"

"அன்காவின் அம்மாவுடையவை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பிள்ளையோடு சேர்த்து நம்மிடம் விட்டுப் போனார்."

"அவர் இறந்ததைத் தேனீக்களிடம் சொன்னாயா?"

"அந்தச் செய்தி வந்த அன்றுதான் சக்கரவர்த்தி போனார், மதர். ஊரே அதைப் பேசியது. நானும்..."

லுட்மிலா தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

மதர் அகதா இடுப்பிலிருந்த சாவியை அவளிடம் கொடுத்தார். தோட்டத்தில் விளையாடிக்கொண்டிருந்த அன்காவைக் கூப்பிட்டு, கூட்டின் அருகே நிறுத்தினார்.

"இப்போது சொல்."

லுட்மிலா தட்டுவதற்குக் கையைத் தூக்கினாள். அன்கா அவள் முகத்தையே பார்த்தாள்.

லுட்மிலா சாவியைப் புல்லில் போட்டாள். மண்டியிட்டாள். பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அன்கா, உன் அம்மா இறந்துவிட்டார்."

கூட்டுக்குள் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றீர்களே, சிஸ்டர்?"

"ஆமாம். அப்படித்தான் சொன்னேன்."

"எங்கே புதைத்தார்கள்?"

"மேற்குக் கரையில். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில்."

மறுநாள் அதிகாரி, எந்த நாடு என்று கேட்டார்.

அன்கா, மேற்குக் கரை என்றாள்.