வெளியே வர மறுத்த டிகாஷன்

கோடைக்காலத்தில் ஒரு பிற்பகல். குமுதவல்லியின் சமையலறையில், பித்தளை ஃபில்டருக்குள் டிகாஷன் ஒன்று இருந்தது. மேல் பாத்திரத்துப் பொடியிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக் கீழ்ப் பாத்திரத்தின் இருட்டில் தேங்கிய அது, வெளிச்சத்தைக் கண்டதே இல்லை. காதில் விழுந்ததைக் கொண்டே உலகத்தை அறிந்தது. அறிந்தவற்றுள் எதையும் நம்பவில்லை.

"சர்க்கரை கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. பாலுலயும் ஆடையை எடுத்துட்டேன். ஐஸ் போட்டு லேசா ஒரு காபி கலந்து தரேன், குடிச்சுப் பாருங்க," என்று குமுதவல்லி தன் கணவர் ஆவுடையப்பனிடம் சொன்னாள்.

"காபிங்கிற பேரு மட்டும்தான் மிஞ்சும்போல," என்றார் அவர்.

டிகாஷனுக்குச் சுருக்கென்றது. முதலில் சர்க்கரையை விலக்கினார்கள். பிறகு பாலை மெலிய வைத்தார்கள். அடுத்த முறை யாருடையது என்று எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த நேரம் பார்த்துக் கண்ணாடித் தம்ளருக்குள் ஐஸ் கட்டிகள் கலகலவென்று விழுந்தன.

"என் கழுத்துக்கு வந்த கத்தி இதுதான்," என்று அது ஃபில்டரிடம் முணுமுணுத்தது. "ஐஸ் என்பது ஒளிந்து வரும் தண்ணீர். என்னுள் கரைந்து, என்னையும் தண்ணீராக்கிவிடும். நீ மட்டும் பிடியை விட்டுவிடாதே."

சூட்டில் ஏற்கெனவே இறுகியிருந்த ஃபில்டர் இன்னும் இறுக்கிக்கொண்டது. குமுதவல்லி திருகினாள், அசையவில்லை. ஈரத்துணியைச் சுற்றித் திருகினாள், அப்போதும் அசையவில்லை.

"வா தம்பி, நேரமாகிறது," என்று தம்ளரிலிருந்து ஐஸ் அழைத்தது.

"யாருக்கு யார் தம்பி? நீ கரைந்து தொலையும்வரை நான் வருவதாக இல்லை."

"கரைவதற்குத்தானே வந்திருக்கிறேன்."

"பார்த்தாயா, உன் வாயாலேயே ஒப்புக்கொண்டாய்."

பக்கத்துக் கிண்ணத்திலிருந்த பால் குறுக்கிட்டது. "வீணாக ஐயப்படாதே. இந்த ஐஸ் வெள்ளை அன்று. உன்னைப் போலவே கறுப்பு."

"கறுப்பா? அப்படியானால் என் நிறத்தைப் பூசிக்கொண்டு வந்திருக்கிறது. திருட வருகிறவன் வீட்டுக்காரனின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவதில்லையா? ஆடையைப் பறிகொடுத்த பிறகும் அவர்களுக்காகப் பரிந்து பேசுகிறாயே, உனக்கு என்ன தருவதாகச் சொன்னார்கள்?"



"நானும் அந்த ஃபில்டரில் இறங்கியவன்தான்," என்றது ஐஸ். பாதிக்குமேல் கரைந்திருந்ததால் அதன் குரல் தேய்ந்து ஒலித்தது.

"பொய். இந்தச் சுவரெங்கும் என் மணம்தான் வீசுகிறது. எவ்வளவு திடமான மணம் தெரியுமா? போய் வேறு யாரையாவது ஏமாற்று."

அதற்குள் ஐஸ் முழுவதும் கரைந்துவிட்டது. தான் வென்றுவிட்டதாக டிகாஷன் எண்ணிக்கொண்டது.

"இன்னுமா திறக்கலை? தட்டிப் பாரேன்," என்றார் ஆவுடையப்பன்.

"தட்டித் தட்டிக் கைதான் வலிக்குது. ஐஸும் கரைஞ்சுபோச்சு. இனியும் காத்திருந்தா ஜில்லுன்னு இருக்காது."

அவள் தம்ளரில் பாலை ஊற்றி, குளிர்ந்த தண்ணீர் கொஞ்சம் சேர்த்து, கலக்கிக் கொடுத்தாள். ஒரு மிடறு குடித்தவர் தம்ளரை உற்றுப் பார்த்தார்.

"லேசாத்தான் இருக்கு. ஆனா காபி மணம் குறையலையே. ஐஸ் கரைஞ்சா தண்ணியாத்தானே போகணும்?"

"காலையில இறங்கின முதல் டிகாஷனைத்தாங்க ஐஸா உறைய வச்சேன். அது கரைஞ்சாலும் காபிதான். அதே பொடியில மறுபடி வெந்நீர் விட்டு இறக்கின ரெண்டாவது டிகாஷன் ஃபில்டருக்குள்ள இருக்கு. ரெண்டையும் சேர்த்தா அளவா இருக்கும்னு நினைச்சேன். இது வெளியே வரமாட்டேன்னுது. அது இடத்துல கொஞ்சம் தண்ணியை விட்டேன், சரியாப் போச்சு."

மாலையில் பாத்திரம் தேய்க்கும்போது, கீழ்ப் பாத்திரத்தை வெந்நீரில் காட்டியதும் ஃபில்டர் பிடியை விட்டது. டிகாஷன்மேல் முதன்முறையாக வெளிச்சம் பட்டது. அது தன்னைத் தானே குனிந்து பார்த்தது. வெளிறிய பழுப்பு நிறத்தின் ஊடே பாத்திரத்தின் அடி பளிச்சென்று தெரிந்தது.

குமுதவல்லி அதைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட அதில் யாரும் கலந்திருக்கவில்லை.